பேக் கவரைக் கழற்றாமலே சொல்லும் தீர்ப்பு

பழைய டி.வி.யையோ ரேடியோவையோ டேப் ரெக்கார்டரையோ தூக்கிக்கொண்டு ரிப்பேருக்கு அலைகிறவர்களுக்கு இன்று கிடைக்கிற பதில் ஒன்றுதான். “இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட் சார். ஸ்பேர் கெடைக்காது. எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க.” சொல்கிறவர் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொல்லிவிடுவார். கேட்கிறவரும் மறுபேச்சில்லாமல் திரும்புவார்; வீட்டிலிருந்து கிளம்பும்போதே மகனும் மருமகளும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

கொஞ்சம் படித்தவர்களிடம் இதே பேச்சு விரிவாக இருக்கும். பழைய செட் கரண்டைக் குடிக்கும். உள்ளே கை வைத்தால் ஆபத்து. பாட்டும் படமும் போனுக்குள்ளேயே வந்துவிட்டபோது பெட்டி எதற்கு? பழைய நினைப்பில் காசைக் கரைக்கிறார்கள். இந்தப் பேச்சில் ஒன்றிரண்டு இடங்களில் உண்மை இருக்கிறது; அதை மறைக்காமல் சொல்வேன். ஆனால் மொத்தத்தில் இது தவறு. ஊருக்குக் கேடு செய்கிற தவறு.

நாற்பது வருஷத்துக்கும் மேலாக சால்டரிங் அயர்ன் பிடித்த கை இது. நம் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்த 1982-ல் நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் கருப்பு வெள்ளை டி.வி. அசெம்பிள் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை. சாலிடேர், டயனோரா என்று மெட்ராஸ் கம்பெனிகளின் டி.வி.கள் தெருவுக்குத் தெரு இருந்த காலம் அது. இப்போது நெமிலிச்சேரியில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், வீட்டு வராந்தாதான் என் பட்டறை. “இனி ஆகாது” என்று ஊர் கைவிட்ட பெட்டிகள்தான் அங்கே வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை அதுவரை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் வந்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிற அம்மா ஒருவர், அரசு கொடுத்த பதினான்கு அங்குல கலர் டி.வி.யைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். 2006-லிருந்து 2011 வரை தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்த இலவச டி.வி.களில் ஒன்று. “அண்ணே, கடையில எரநூறு ரூவாய்க்கு எடுத்துக்கிறேங்கறாங்க. குடுத்துடட்டுமா?” என்றார். “இரும்மா, தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். போட்டால் சத்தம் வந்தது. படம் இல்லை, திரையின் நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு மட்டும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் கோடே பாதி வைத்தியம். சத்தம் வருகிறது என்றால் பவர் சப்ளை நன்றாக இருக்கிறது. கோடு பளிச்சென்று விழுகிறது என்றால் பிக்சர் டியூபும் நன்றாக இருக்கிறது, அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கிற எல்.ஓ.டி.யும் நன்றாக இருக்கிறது. படத்தை மேலும் கீழும் விரித்துக் கொடுக்கிற வெர்டிகல் பகுதி ஒன்றுதான் வேலை செய்யவில்லை. பேக் கவரைக் கழற்றி, தூசியை பிரஷ்ஷால் தட்டி, போர்டைத் திருப்பி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெர்டிகல் ஐ.சி.யின் இரண்டு கால்களைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு வளையம். டிரை சோல்டர். செட் ஓடும்போது ஐ.சி. சுடுகிறது, அணைத்தால் குளிர்கிறது. பதினைந்து வருஷம் இப்படியே விரிந்து சுருங்கியதில் ஈயம் காலை விட்டுவிட்டது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புது ஈயம் வைத்தேன். பக்கத்தில் தலை வீங்கியிருந்த ஒரு கண்டென்சரையும் மாற்றினேன். அதன் விலை இருபது ரூபாய்க்குள். மொத்தம் முக்கால் மணி நேரம். இன்று அது அரசு கேபிள் பாக்ஸில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. ஒயர் மாட்டி மாவு அரைக்கிற அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. தூர்தர்ஷனின் பழைய ஆன்டெனா ஒளிபரப்பு நின்றுபோனதால் அந்த டி.வி. செத்துவிடவில்லை. எந்த செட் டாப் பாக்ஸில் ஏ.வி. துளை இருக்கிறதோ அதோடு அது பேசும்.

வருகிற எல்லாமே இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. டியூபின் எமிஷன் போய், படம் சாம்பல் பூசியது போல மங்கிப்போன செட்டுகளும் வருகின்றன. கலர் பிக்சர் டியூபை இனி யாரும் நமக்காகப் புதிதாகச் செய்யப்போவதில்லை. அப்படிப்பட்ட செட்டைக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதையும் திறந்து, அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். நோயாளியைப் பார்க்காமலே நாள் குறிப்பதை மருத்துவத்தில் ஒப்புக்கொள்ளாத நாம், இருபது வருஷம் வீட்டுக்கு உழைத்த பொருளுக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறோம்?

ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப்போடு என்று ஒரு வாய்ப்பாடு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தக் கணக்கை யார் போடுகிறார்கள் என்று பாருங்கள். அம்பத்தூரிலோ ஆவடியிலோ மெயின் ரோட்டில் கடை போட்டவருக்கு வாடகை, அட்வான்ஸ், பையன் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் இருக்கின்றன. முக்கால் மணி நேரம் குனிந்து ஒரு டிரை சோல்டரைத் தேடினால் அவருக்குக் கிடைப்பது இருநூறோ முந்நூறோ. அதே நேரத்தில் நாலு போனுக்கு டிஸ்ப்ளே மாற்றிவிடலாம். ஆகவே பழைய செட்டைத் தொடுவது அவருக்குக் கட்டுப்படியாகாது. நியாயம்தான், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்ல வேண்டியது “எனக்கு இதுல கட்டாது” என்பது. அவர் சொல்வதோ “இது தேறாது” என்பது. தன் கடையின் நிலைமையைப் பெட்டியின் தலையில் ஏற்றிவிடுகிறார். கேட்டவர் வீட்டுக்குப் போய் நல்ல பொருளைக் காயலாங்கடையில் போடுகிறார். இந்த ஒரு வார்த்தை மாற்றத்தால் எத்தனை பெட்டிகள் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஸ்பேர் கிடைக்காது என்பது அடுத்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ரேடியோவில் உண்மையில் கெட்டுப்போவது எது? ஃபில்டர் கண்டென்சர் உலர்ந்துவிடும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் கேட்கும். மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்கள் கசியும். அந்தக் கசிவு அவுட்புட் வால்வின் கிரிடில் ஏறினால் வால்வு பழுக்கக் காய்ந்து டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கார்பன் ரெசிஸ்டர்களின் அளவு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகும். வால்யூம் கன்ட்ரோலில் அழுக்கு சேர்ந்து கரகரக்கும். இவற்றில் எது கிடைக்காது? இன்றைய கண்டென்சர் அன்றையதைவிடச் சின்னது, உறுதியானது, மலிவானது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தாலும் செம்புக் கம்பி கொண்டு திரும்பச் சுற்றிக் கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஸ்பீக்கர் கோன் கிழிந்தால் வேறு கோன் ஒட்டி, காயில் மாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

வால்வுக்கு என்ன செய்வாய் என்று கேட்பார்கள். வால்வுதான் அந்தப் பெட்டியில் கடைசியாகப் போகிற பொருள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்து ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. கண்ணாடியில் பி.இ.எல். முத்திரையோடு இன்றும் சூடேறிப் பாடுகிற வால்வுகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். உலகத்தில் வால்வு செய்வதே நின்றுவிட்டது என்று நினைப்பதும் தவறு. ரஷ்யாவின் சரத்தோவிலும் ஸ்லோவாக்கியாவின் சாட்சாவிலும் சீனாவிலும் இ.எல்.84, இ.சி.சி.83 போன்ற வால்வுகளை இன்னும் செய்கிறார்கள். எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவர்கள் வால்வு ஆம்ப்ளிஃபயரை விடமாட்டேன் என்று நின்றார்கள், தொழிற்சாலையும் நின்றது. கேட்கிறவன் இருந்தால் ஸ்பேர் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நெமிலிச்சேரியில் ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் போய் இறங்கலாம். பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் ரேடியோவும் குவிந்து கிடந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன பிறகு, அந்தப் பெயர் ரயில் நிலையத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை வழியாக ரிச்சி தெருவுக்கு நடை. அந்தச் சந்துகளில் தட்டுத் தட்டாக ரெசிஸ்டர் வைத்திருப்பவரிடம் மதிப்பைச் சொன்னால், நிறக்கோட்டைப் பார்த்து எடுத்துத் தருவார். அங்கே எனக்கு உள்ள குறை ஒன்றே: போலி. 2என்3055 டிரான்சிஸ்டர் என்று எழுதியிருக்கும். உள்ளே இருக்கிற சில்லு அதில் பாதிகூட இருக்காது. பெரிய வால்யூமில் வைத்த அன்றே போய்விடும். எஸ்.டி.கே. ஆடியோ ஐ.சி.களிலும் இதே கதை. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் ரிப்பேர் செய்தும் நிற்பதில்லை என்ற கெட்ட பெயருக்குப் பாதிக் காரணம் இந்தப் போலிச் சரக்குதான். அதனால் செத்த போர்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, அவற்றிலிருந்து பழைய அசல் டிரான்சிஸ்டரைக் கழற்றிப் போடுகிறேன். ஒரு பெட்டி இறந்தால் மூன்று பெட்டி பிழைக்கும்.

கரண்ட் கணக்கைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். இருபத்தோரு அங்குல பழைய டி.வி. ஏறக்குறைய எண்பது வாட். முப்பத்திரண்டு அங்குல எல்.இ.டி. ஏறக்குறைய நாற்பத்தைந்து. தினம் ஐந்து மணி நேரம் பார்த்தால் இரண்டு மாத பில்லுக்குப் பத்து, பதினோரு யூனிட் வித்தியாசம். பதினான்கு அங்குலம் என்றால் மூன்று யூனிட். முதல் நூறு யூனிட் இலவசமாக இருக்கிற ஊரில் இதைக் காரணம் காட்டி நல்ல டி.வி.யைத் தெருவில் வைப்பது கணக்குத் தெரிந்தவர் செய்கிற வேலை இல்லை.

ஆபத்து என்பது உண்மை. கலர் பிக்சர் டியூபின் ஆனோடில் இருபது, இருபத்தைந்தாயிரம் வோல்ட் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். பவர் சப்ளையின் பெரிய கண்டென்சரில் முந்நூறு வோல்ட் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சில வால்வு ரேடியோக்களில் சேஸிஸே மெயின் லைனில் இருக்கும். விவரம் தெரியாதவர் கை வைக்கவே கூடாது. பல வருஷம் பரணில் கிடந்த செட்டை நேராக பிளக்கில் சொருகுவதும் கூடாது. ஒரு நூறு வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு அதன் வழியாகத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் எரிந்து மங்கினால் செட் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். மின்சாரமும் அப்படிப்பட்ட ஆபத்துதான். அதற்காக வீட்டுக்கு ஒயரிங்கே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, ஒயர்மேனைக் கூப்பிடுகிறோம். இந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் இருக்க வேண்டும் என்பதற்கே ஆபத்து ஒரு காரணம். அதையே வைத்து அவர்கள் வேண்டாம் என்று முடிப்பது எனக்குப் புரியவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, “எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே” என்ற பேச்சைக் கேட்கும்போது. சினிமாப் பாட்டு இருக்கிறது. இல்லாதது எவ்வளவு என்பதை என் வராந்தாவில் உட்கார்ந்தால் தெரியும்.

ஆவடியில் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஜப்பான் செட் ஒன்றையும் பதினோரு கேசட்டுகளையும் கொண்டுவந்தார். எண்பதுகளின் கடைசியில் தன் சொந்த ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி ராத்திரியாக நடந்த பாரதக் கூத்தை, மேடை ஓரத்தில் செட்டை வைத்து அவரே பிடித்தது. ஆடியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை என்றார். பேரன் இரண்டு கடையில் கேட்டுவிட்டு, “விடு தாத்தா, நெட்ல கூத்து நெறையா இருக்கு” என்று சொல்லியிருக்கிறான். இணையத்தில் ஆயிரம் கூத்து இருக்கட்டும். அந்த ஊர்க் கூத்து, அந்த வாத்தியாரின் குரலில், உலகத்தில் அந்தப் பதினோரு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

செட்டைத் திறந்தேன். ரப்பர் பெல்ட் கருப்புத் தாராக உருகிப் புல்லியில் அப்பியிருந்தது. முதல் நாள் முழுக்க ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அதைத் துடைத்து எடுத்ததுதான் வேலை. பின்ச் ரோலர் கல்லாக இறுகிப் போயிருந்தது. செத்த டெக் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டேன். ஹெட்டைத் துடைத்து, காந்தம் எடுத்து, கேசட்டைப் போட்டால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மூடியிருந்தது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னத் திருகு இருக்கும். பதிவு செய்த அன்றைக்கு அந்த ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு இன்றைக்கும் கொண்டுவந்தால்தான் டேப்பிலிருந்து தாளத்தின் ஓசை பிரிந்து வரும். கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று காதை வைத்துத் திருப்பிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் ஜால்ராவின் சத்தம் சட்டென்று தெளிந்தது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகுதான் ஒயர் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்தத் திருகை வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது.

டிஜிட்டலுக்கு மாற்றிவிடலாமே என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. மாற்றுவதற்கு முதலில் ஓடுகிற செட் வேண்டும். 2019-ல் யுனெஸ்கோவும், ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பும் சேர்ந்து காந்த நாடாக்களுக்கான எச்சரிக்கை என்றே ஒரு முயற்சியைத் தொடங்கின. டேப் கெட்டுவிடும் என்பது மட்டும் அவர்களுடைய கவலை இல்லை. டேப்பை ஓட்டுகிற கருவியும், அதற்கு ஸ்பேரும், ரிப்பேர் தெரிந்த ஆளும் இல்லாமல் போகும் என்பதே பெரிய கவலை. கல்யாண வீடியோ கேசட்டுக்கும் இதுதான் நிலைமை. வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. அதாவது, உலகத்தில் இனி ஓடப்போகிற ஒவ்வொரு வி.சி.ஆரும் யாரோ ஒருவர் ரிப்பேர் செய்த வி.சி.ஆராகத்தான் இருக்கும். காயலாங்கடைக்குப் போகிற ஒவ்வொரு டெக்கோடும், எந்த வீட்டுப் பரணிலோ இருக்கிற கேசட்டுகள் இன்னும் கொஞ்சம் ஊமையாகின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர், கொரட்டூர், பட்டரவாக்கம் எல்லாம் தண்ணீரில் நின்றன. அடுத்த இரண்டு மாதம் என் வராந்தாவில் நனைந்த பொருள்களே நிறைந்திருந்தன. அவற்றில் இரண்டை ஒரே பெஞ்சில் வைத்துப் பார்த்தேன். ஒன்று, டீக்கடையில் பானை மேல் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுப் போட்ட காலத்து அசெம்பிள் செட் ஆம்ப்ளிஃபயர். இன்னொன்று, இரண்டு வருஷம்கூட ஆகாத சவுண்ட்பார். ஆம்ப்ளிஃபயரை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் மூன்று நாள் காயவைத்து, டிரான்ஸ்ஃபார்மருக்குக் குண்டு பல்பின் சூட்டில் ஒரு ராத்திரி கொடுத்து, நாலு கண்டென்சரும் ஒரு வால்யூம் கன்ட்ரோலும் மாற்றினேன். ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது. சவுண்ட்பாரில் திருகே இல்லை, பசைதான். உடைத்துத் திறந்தால் போர்டின் பிரதான ஐ.சி.யின் மேல் எழுத்தைச் சுரண்டி அழித்திருந்தார்கள். அது என்ன ஐ.சி. என்று தெரியக்கூடாதாம். பழையது பாடியது, புதியது குப்பைக்குப் போனது. பழையதெல்லாம் உயர்வு என்று இதை வைத்து நான் வாதிட வரவில்லை, இன்றைய எல்.இ.டி. டி.வி.யில் பேக்லைட் ஸ்ட்ரிப் மாற்றுகிற பையன்களின் கைத்திறமையைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன். ஆனால் பொருளைத் திறக்கும்படி செய்வதும் திறக்க முடியாதபடி செய்வதும் மனிதர்கள் எடுக்கிற முடிவு. பழைய செட்டின் பின்பக்கத்தில் சர்க்யூட் படத்தை ஒட்டி அனுப்பியவர்களும் கம்பெனிக்காரர்கள்தான்.

இன்னொரு கூட்டத்தாரோடும் எனக்கு வழக்கு உண்டு. பழைய ரேடியோ என்றால் உயிர் என்பார்கள். பத்தாயிரம் கொடுத்துக்கூட மர்ஃபியோ புஷ்ஷோ வாங்குவார்கள். வாங்கி, உள்ளே இருக்கிற சேஸிஸையும் வால்வையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு புளூடூத் போர்டை வைத்து ஹாலில் நிறுத்துவார்கள். “வெளிய பழசு, உள்ள புதுசு” என்று என்னிடமே செய்யச் சொல்லி வந்திருக்கிறார்கள். மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் போடுகிறவருக்கும் இவருக்கும் கருத்து ஒன்றுதான்: உள்ளே இருப்பது செத்துவிட்டது. இருவருமே பார்க்காமல் சொல்கிறார்கள். அந்த சேஸிஸில் பத்து கண்டென்சர் மாற்றினால், இலங்கை வானொலியை அள்ளிக் கொடுத்த அதே மீடியம் வேவ் பட்டையில் இன்றும் ஸ்டேஷன் பிடிக்கும். இந்த ஆசைக்காரர்களுக்கு மாவு அரைக்கிற அம்மாவின் பதினான்கு அங்குல டி.வி. கண்ணிலேயே படாது என்பதையும் சொல்ல வேண்டும். தேக்குப் பெட்டி இல்லாததால் அதற்கு மதிப்பில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான்; ஒரு வீட்டில் ஓடியவை, இனியும் ஓடக்கூடியவை.

எக்ஸ்சேஞ்சில் போன டி.வி. எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? முறையான இடத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். வெளிவட்டச் சாலை ஓரத்திலும் ஏரிக்கரைகளிலும் உடைந்த பிக்சர் டியூப்களை நான் பார்த்திருக்கிறேன். யோக் காயிலில் செம்பு இருக்கிறது. அதற்காக டியூபின் கழுத்தை உடைத்து, காயிலை உருவிக்கொண்டு, கண்ணாடியை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. மின்கழிவுக்கு 2012-லிருந்து விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. 2023 ஏப்ரலிலிருந்து புதிய விதிகள். ஆனாலும் உலக அளவில் 2022-ல் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. வீட்டு அறையில் ஓடுகிற வரைக்கும் அந்த ஈயம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. முக்கால் மணி நேர வேலையில் பத்து வருஷம் அதை ஏரிக்கு வெளியே நிறுத்தலாம்.

ரிப்பேர் உரிமை பற்றி மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது, டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. நல்லதுதான். ஆனால் அது உயிரோடு இருக்கிற கம்பெனிகளைப் பற்றிய பேச்சு. கம்பெனியே இல்லாத செட்டுகளுக்கு உரிமையைத் தருவது சர்க்யூட் படமும் கற்ற கையும்தான். ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் தொகுதி தொகுதியாக விற்ற டி.வி. சர்க்யூட் புத்தகங்களை இப்போது கரையான் தின்கிறது. அவற்றை யாராவது சேர்த்து ஒரு நூலகத்தில் வைக்க வேண்டும். ஐ.டி.ஐ. பையன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒரு பழைய செட்டைக் கொடுத்து, பழுதைக் கண்டுபிடி என்று விட வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கிற அளவுக்குப் பெரிய போர்டு அவர்களுக்கு வேறு எதில் கிடைக்கும்? ஆவடி மாநகராட்சியும் சுற்றுப் பஞ்சாயத்துகளும் மின்கழிவு சேகரிக்கிற நாளில், மேஜை போட்டு இரண்டு மெக்கானிக்கை உட்கார வைக்க வேண்டும். லாரியில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் ஒருவர் திறந்து பார்க்கட்டும். என்னைக் கூப்பிட்டால் கூலி வாங்காமல் வருவேன்.

இன்று சாயங்காலம் பட்டாபிராமிலிருந்து ஒரு தம்பி பைக்கில் வால்வு ரேடியோ ஒன்றைப் பின்னால் மனைவி மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அப்பா வைத்திருந்தது, இருபது வருஷமாகப் பேசவில்லை. மூன்று கடையில் வேஸ்ட் என்றுவிட்டார்களாம். “தேறுமா சார்?” என்றார். தெரியாது என்றேன். பேக் கவரில் ஆறு திருகு. நாலு கழன்று வந்துவிட்டது; இரண்டு துருப்பிடித்து இறுகியிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்திருக்கிறேன். காலையில் வரச் சொல்லியிருக்கிறேன்.